நான்கு தொனிகளையும் சிதையாமல் அச்சிட்டுத் தந்த வேலூர் டிடிபி கடை

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் ஒன்றில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு டிடிபி கடையைப் பற்றி எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே தமிழ், ஆங்கிலம், இந்தி, வங்காளம் ஆகிய நான்கு மொழிகளிலும் ‘இங்கு டைப் செய்து தரப்படும்’ என்று கையால் எழுதிய அட்டை ஒன்று கயிற்றில் தொங்கும், அதுதான் அடையாளம். உரிமையாளர் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரும், குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் உதவியாளர் பெண்ணுமாக இரண்டே பேர் பார்க்கிற வேலை. ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்து நின்றால் கையில் எடுத்த வேலை கெட்டுவிடும் என்பது அவருடைய அச்சம். அதை மதித்துப் பெயரை விட்டுவிடுகிறேன். ஆனால் அவர் செய்து கொடுத்த வேலையை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து, பள்ளி ஆண்டு மலருக்கும் வினாத்தாளுக்கும் எத்தனையோ அச்சகங்களின் படியேறி இறங்கியவள் நான். ஓர் எழுத்தின் தலைக்கு மேல் நிற்கும் சிறு கோட்டை இவ்வளவு மரியாதையோடு நடத்திய கடையை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கும் மாணவர், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்கினா ஃபாசோ நாட்டைச் சேர்ந்தவர். 1984 வரை மேல் வோல்ட்டா என்று அழைக்கப்பட்ட அந்த நாட்டின் இப்போதைய பெயரில் ‘புர்கினா’ என்பது மோரே மொழிச் சொல், ‘ஃபாசோ’ என்பது ஜூலா மொழிச் சொல் என்று வந்த முதல் வாரத்திலேயே அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய தாய்மொழி இவை இரண்டும் அல்ல. அந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான போபோ டியுலாசோவுக்கு மேற்கே, கரங்காசோ என்னும் ஊரையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் சேர்ந்த சம்பிளா மக்கள் பேசும் சேன்கு மொழிதான் அவருடைய தாய்மொழி. அதைப் பேசுவோர் ஏறத்தாழ 17,000 பேர். நம் வேலூர் மாநகராட்சியின் இரண்டு மூன்று வார்டுகளுக்குள் அடங்கிவிடும் தொகை. சந்தையிலும் பஸ்ஸிலும் ஜூலா, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டுக்குள் மட்டும் சேன்கு என்று வளர்ந்தவர் அவர். போபோ டியுலாசோவில் குடியேறிவிட்ட அவருடைய அக்காவின் பிள்ளைகள் ஜூலாவிலேயே விளையாடி ஜூலாவிலேயே சண்டை போடுகிறார்கள். பாட்டி பேசுவது அவர்களுக்குப் பாதிதான் புரிகிறது. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் அவர் இந்தச் சொற்புத்தகத்தைத் தொகுத்தார். ஊரில் இருக்கும் அவருடைய அம்மா வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை இரவு இரவாகக் கேட்டு, எண்ணூற்றுச் சொச்சம் சொற்களை எழுதி, பக்கத்தில் பிரெஞ்சில் பொருளும் சிறு கோட்டுப் படமும் சேர்த்திருந்தார். அறுபத்து நான்கு பக்கம், நூறு பிரதி, ஜூன் மாத விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பெட்டியில் எடுத்துப்போக வேண்டும். கேட்பதற்கு எளிய வேலைதான்.

எளிதாக இல்லாமல் போனதற்குக் காரணம் அந்த மொழியின் இயல்பு. சேன்கு ஒரு தொனி மொழி. ஒரே மெய்யும் ஒரே உயிரும் சேர்ந்த அசையை எந்தச் சுருதியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறிவிடும். தொனி மொழி என்றால் என்ன என்பதற்கு, கோடிக்கணக்கானோர் பேசும் நைஜீரியாவின் யோருபா மொழியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத்தான் மாணவர் எனக்கு முதலில் சொன்னார்: ‘ஒகொ’ என்பதன் இரண்டாவது அசையை நடுச்சுருதியில் சொன்னால் கணவன், மேலே ஏற்றினால் மண்வெட்டி, கீழே இறக்கினால் வண்டி. யோருபாவில் இப்படி மூன்று படிகள், சேன்குவில் நான்கு. அடித்தொனி, தாழ்தொனி, உயர்தொனி, உச்சத்தொனி என்று நான் தமிழில் பெயர் வைத்துக்கொண்டேன். இவை போதாதென்று, ஒரே அசைக்குள் மேலிருந்து கீழே வழுக்கி இறங்குவதும் கீழிருந்து ஏறுவதும் உண்டு. அந்த மொழியின் சொற்களில் பெரும்பாலானவை மிகச் சிறியவை, ஓரசையிலேயே முடிந்துவிடுபவை. சொல் சிறுத்துப் போனால் அதன் பாரத்தைத் தொனிதானே சுமக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொன்னால்தான் இந்தக் கடையின் அருமை விளங்கும். நாம் ‘ஆடு’ என்பதோடு ‘கள்’ சேர்த்துப் பன்மையாக்குகிறோம். சேன்குவில் அப்படி ஒரு விகுதி வந்து ஒட்டுவதில்லை. சொல்லின் தொனி மேலேறுகிறது, அதன் உயிரொலி நாவின் முன்பக்கத்துக்கு நகர்கிறது. அந்த உயிர் ஏற்கெனவே முன்பக்கத்தில் பிறக்கும் உயிராக இருந்துவிட்டால், ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே தொனி ஒன்றுதான் வேறுபாடு. அப்படிப்பட்ட சொல்லில் அச்சுக்காரர் ஒரு கோட்டை விட்டுவிட்டால், ஒன்று எது, பல எது என்பதே தெரியாமல் போகும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த மொழியியலாளர் லாரா மெக்பெர்சன் பல ஆண்டுகள் அந்த மக்களோடு பழகி ஆராய்ந்து, 2020-இல் சேன்குவுக்கு ஒரு முழு இலக்கணம் வெளியிட்டிருக்கிறார். தொனிகளைக் குறிக்கும் முறையை மாணவர் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். உயர்தொனிக்கு வலப்பக்கம் ஏறிச் சாயும் ஒரு கோடு, உச்சத்தொனிக்கு அதே கோடு இரண்டு. தாழ்தொனிக்கு இடமிருந்து வலமாக இறங்கிச் சாயும் ஒரு கோடு, அடித்தொனிக்கு அதே கோடு இரண்டு. மூக்கால் ஒலிக்கும் உயிர்களுக்கு ஓர் அலைக்கோட்டையும் எழுத்தின் தலையிலேயே வைத்திருந்தார். ஆகவே சில எழுத்துகளின் மேல் அலைக்கோடு ஒரு மாடியும், அதற்கு மேல் இரட்டைக் கோடு இன்னொரு மாடியுமாக இரண்டடுக்கு நிற்கும்.

முதலில் நாங்கள் போனது வேறொரு கடைக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வாசலிலேயே வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறதே என்று நான்தான் அழைத்துப் போனேன். இரண்டே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மாலை புரூஃபைக் கையில் கொடுத்தபோது, பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. ஒரு கோடுகூட இல்லை. “எழுத்து மேலெல்லாம் கீறல் கீறலா கீது டீச்சர், அங்கங்க கட்டம் கட்டமா வேற வந்துச்சு, எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன்” என்று அந்த ஆபரேட்டர் உழைத்த களைப்போடு சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அது அழுக்காகத் தெரிந்திருக்கிறது, துடைத்திருக்கிறார். ஆனால் மாணவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர் முதல் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த மூன்று சொற்களின் மேல் விரலை வைத்து, “அம்மா, இது மூன்றும் வேறு வேறு சொல்” என்றார். தாளில் மூன்றும் அச்சு அசலாக ஒன்றே போல இருந்தன. பக்கத்திலிருந்த பிரெஞ்சுப் பொருள் மட்டும் மூன்றாக இருந்தது.

பிறகு தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் இந்த மாடிக் கடைக்கு வந்தோம். உரிமையாளர் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, விலை சொல்வதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி இது: “டீச்சர், இந்தக் கோடு எழுத்தோட சேர்ந்ததா, இல்ல படிக்கிறவங்களுக்கு ஒரு ஒத்தாசைக்குப் போட்டதா?” எழுத்தோடு சேர்ந்தது என்றேன். “அப்போ துணைக்கால் மாதிரி. கால் போயிடுச்சுன்னா ‘கால்’ கல்லாயிடும்” என்றார். முப்பது வருடம் வகுப்பெடுத்த நான் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். உடனே மாணவரைப் பார்த்து, “தம்பி, எனக்கு இந்த மொழி படிக்கத் தெரியாது, நீங்க ஒரு பக்கம் வாயால சொல்லுங்க, காதுல விழட்டும்” என்று கேட்டு, கணினியின் மின்விசிறிச் சத்தம் குறுக்கே வராதபடி ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருக்கு இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேலூரே காரணம். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகள் தங்குகிற தெருக்களில், லாட்ஜ் வாடகைப் பலகையும் மெஸ் விலைப்பட்டியலும் வங்காள எழுத்தில்தான் எழுதப்படுகின்றன. அந்த வேலைகள் இவரிடம் பல ஆண்டுகளாக வருகின்றன. தொழிலுக்கு வந்த புதிதில், வங்காளத்தில் எழுத்தின் தலைக்கோட்டுக்கு மேல் ஏறி உட்காரும் ரகரக் குறியை ஏதோ தூசு என்று விட்டுவிட்டு, ஒரு மெஸ்ஸின் விலைப்பட்டியல் முழுவதையும் கைக்காசில் திரும்ப அச்சிட்டுக் கொடுத்தாராம். தனக்குத் தெரியாத எழுத்தில் தனக்குப் புரியாத கோடு இருந்தால் அது பிழை அல்ல என்பதை அன்று கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

வேலையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். இதே போன்ற தேவையோடு வருகிறவர்களுக்குப் பயன்படும். நம் ஊர் டிடிபி கடைகள் பலவற்றில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள்தான் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறை அதற்குத் தெரியாது. பழைய தமிழ் எழுத்துருக்களுக்கு அது போதும், இந்த வேலைக்கு ஆகாது. சேன்குவை எழுதத் தேவையான எழுத்துகளில், மூன்று என்ற எண்ணைத் திருப்பிப் போட்டது போன்ற திறந்த எகரமும், ஆங்கில ‘சி’யைத் திருப்பிப் போட்டது போன்ற திறந்த ஒகரமும் உண்டு. இந்த இரண்டின் மேலும் தொனிக்கோடு நிற்கும் வடிவத்துக்கு யூனிகோடில் தனி இடம் கிடையாது; எழுத்து ஒரு குறியீடு, கோடு இன்னொரு குறியீடு, இரண்டையும் எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்துதான் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். சாயும் இரட்டைக் கோட்டில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. ஹங்கேரி மொழிக்காக ஒகரத்துக்கும் உகரத்துக்கும் ஏறும் இரட்டைக் கோடு போட்ட வடிவம் ஆயத்தமாக இருக்கிறது, அகரத்துக்கு இல்லை. அதனால் ஒரே பக்கத்தில் சில கோடுகள் சரியாக உட்கார்ந்தும், சில கோடுகள் எழுத்தின் தோளில் சரிந்தும் நின்றன. பஸ் ஸ்டாண்டு கடையில் கட்டம் கட்டமாக வந்ததற்கும் எழுத்துருவில் அந்த வடிவங்கள் இல்லாததே காரணம்.

இவர் அதைச் சரிசெய்த விதம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. சிறு மொழிகளுக்காகப் பணி செய்யும் எஸ்ஐஎல் நிறுவனம் இலவசமாக வெளியிட்டிருக்கும் சாரிஸ் என்ற எழுத்துருவை இறக்கிக்கொண்டார். உலகின் சிறு மொழிகளை எழுதுவதற்கென்றே, எழுத்தின் மேல் குறிகள் அடுக்கடுக்காக நிற்கும் வகையில் அமைத்த எழுத்துரு அது. இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் பத்தியின் அமைப்பை இந்திய மொழிகளுக்குப் பயன்படுத்துவது போல மாற்றி வைத்து, பக்கத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கித் திரையில் காட்டினார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, மேல் வரியில் கீழிறங்கும் எழுத்தின் வால், கீழ் வரியில் இரண்டடுக்காக நிற்கும் கோட்டின் தலையில் முட்டிக்கொண்டிருந்தது. பதினொரு பாயின்ட் எழுத்துக்கு மென்பொருள் தானாகக் கொடுக்கும் வரி இடைவெளி பதிமூன்று பாயின்ட் சொச்சம். அவர் அதைப் பதினேழாக்கினார். ஒரு பக்கத்துக்கு அடங்கும் சொற்களின் எண்ணிக்கை குறையும், பக்கம் கூடினால் உங்களுக்குச் செலவு கூடும் என்று சொல்லிவிட்டு, கூடாமல் இருக்கப் படங்களைச் சற்றே சிறிதாக்கட்டுமா என்று மாணவரைக் கேட்ட பிறகே கை வைத்தார். அறுபத்து நான்கு பக்கத்திலேயே அடங்கிவிட்டது.

புரூஃப் பார்த்த இரண்டு பிற்பகல்களைத்தான் நான் மறக்க மாட்டேன். கடையில் யாருக்கும் சேன்கு தெரியாது. மாணவர் ஒருவருக்குத்தான் தெரியும், ஆனால் எழுதியவரே புரூஃப் பார்த்தால் கண் ஏமாற்றும் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். உதவியாளர் பெண் ஒரு வழி சொன்னார். மாணவர் கையெழுத்துப் படியைப் பார்க்காமல், அம்மாவின் குரல் பதிவை ஒவ்வொன்றாகக் கேட்டு, சொல்லைச் சொல்லாமல் அதன் மெட்டை மட்டும் முனக வேண்டும். முனகும்போதே கையை இடுப்பு, மார்பு, தோள், தலை என்று நான்கு உயரங்களில் ஒன்றில் வைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பெண் அச்சடித்த தாளைப் பார்க்காமல் ஒரு நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணாகக் குறித்துக்கொள்வார். பக்கம் முடிந்ததும் நோட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கும் கோட்டுக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். எண்ணூற்றுச் சொச்சம் சொற்களையும் அப்படியே செய்தார்கள். இருபத்து மூன்று இடங்களில் ஒத்துப்போகவில்லை. பதிவைத் திரும்பக் கேட்டுப் பார்த்ததில், பதினான்கு இடங்களில் தாள் சரி, முனகலைக் குறித்ததில்தான் தவறு. மீதி ஒன்பதும் மாணவரே தட்டச்சில் விட்ட பிழைகள்; அவற்றில் இரண்டு, ஒருமை இருக்க வேண்டிய இடத்தில் பன்மையாக நின்றவை. மொழி தெரியாத ஒரு பெண், மொழி தெரிந்தவரின் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். இந்த வேலைக்கு அவர்கள் தனியாக ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

முனகல் நடந்துகொண்டிருந்தபோது, வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் கேட்டு ஊரில் யாருக்காவது பொருள் புரியுமா என்று உரிமையாளர் கேட்டார். மாணவர் சிரித்துவிட்டுத் தம் போனில் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினார். பலாஃபோன் என்பது மரச்சட்டங்களை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சுரைக்குடுக்கையைத் தொங்கவிட்டு, கோலால் தட்டி வாசிக்கும் கருவி. குடுக்கையில் ஒரு துளை போட்டு, சிலந்தி தன் முட்டையைச் சுற்றிக் கட்டும் மெல்லிய கூட்டை அதன்மேல் ஒட்டுவது பழைய வழக்கம். அதனால்தான் ஒலியோடு ஓர் ரீங்காரமும் சேர்ந்து வருகிறது. சம்பிளா மக்களிடம் ஒரே பலாஃபோனை மூன்று பேர் சேர்ந்து வாசிப்பார்கள். அவர்களில் முதன்மைக் கலைஞர் வாசிப்பது இசை மட்டுமல்ல, பேச்சும்கூட. மெய்யும் உயிரும் இல்லாமல், தொனியையும் அசையின் நீளத்தையும் மட்டும் வைத்து அவர் விழாவுக்கு வந்தவரைப் பெயர் சொல்லி அழைப்பார், ஆடச் சொல்வார், சன்மானம் கேட்பார். கேட்பவர்கள் வாயால் பதில் சொல்வார்கள். வியன்னாவில் வாழும் புகழ்பெற்ற பலாஃபோன் கலைஞர் மமடூ டியாபதே இந்த மரபில் வந்தவர்தான். நம் நாதஸ்வரத்தில் ஒரு கீர்த்தனையை வாசிக்கும்போது சாகித்தியம் காதில் ஒலிப்பது, நமக்கு அது முன்பே மனப்பாடமாக இருப்பதால். அங்கே அந்த நேரத்துக்குத் தேவைப்பட்டதைக் கருவியே சொல்கிறது, சபையில் இருப்பவர்களுக்குப் புரிகிறது. காணொளி முடிந்ததும் உரிமையாளர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ நாம அடிக்கிறது சொல்லு மட்டும் இல்ல, வாத்தியத்துக்கும் இதுதான் நொட்டேஷன்” என்றார். அதன் பிறகு அவர் ஒரு கோட்டைக்கூட அவசரத்தில் தொட்டு நான் பார்க்கவில்லை.

தமிழ் படித்தவர்கள் இதைத் தூரத்து விஷயமாக நினைக்க வேண்டாம். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு, குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே விதிக்கிறது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியிடாமல் விட்டார்கள். எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்று இடம் பார்த்து ஊகித்துப் படிக்க வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலைப் பிரித்துக்காட்ட வழி செய்த பிறகுதான் எகர ஏகாரக் குழப்பம் தெளிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் தொனிக்குறி இடாமலே அச்சாகும் மொழிகள் உண்டு. ஹவுசா அப்படித்தான் அச்சாகிறது. அதைப் பேசிப் பழகிய கோடிக்கணக்கானவர்கள் இடம் பார்த்துப் படித்துக்கொள்கிறார்கள். சேன்குவை வீட்டில் பாதிதான் கேட்டு வளரும் பிள்ளைக்கு இடம் பார்த்து ஊகிக்க என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளைக்குக் கோடுதான் பாட்டியின் குரல்.

அச்சில் ஒரு தவறு நேர்ந்தது. முதல் இருபது பிரதிகளில் உச்சத்தொனியின் இரட்டைக் கோட்டில் இரண்டாவது கோடு பல இடங்களில் விழவேயில்லை, உச்சம் உயர்வாகிவிட்டது. டோனரை மிச்சம் பிடிக்கும் அமைப்பை மாற்றாமல் பிரின்ட் கொடுத்ததுதான் காரணம். இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. உதவியாளர் பெண் வழக்கம்போல லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார். உரிமையாளர் அந்த இருபது பிரதிகளின் உள்பக்கங்களையும் எங்களுக்கு முன்னால் கிழித்துப் போட்டுவிட்டு, தம் செலவில் புதிதாக அடித்துக் கொடுத்தார்.

கணக்கு: பக்க அமைப்புக்குப் பக்கத்துக்கு 40 ரூபாய் வீதம் 2,560 ரூபாய், எழுபது ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் டிஜிட்டல் பிரின்ட், லேமினேஷன் போட்ட வண்ண அட்டை, சென்டர் பின் எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 68 ரூபாய் வீதம் நூறு பிரதிக்கு 6,800 ரூபாய், புரூஃப் தாள்களுக்கு 240 ரூபாய். மொத்தம் 9,600. இந்த அக்கறைக்கு இது குறைவான தொகை என்றுதான் சொல்வேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாளில் தருவதாகச் சொன்ன வேலை இருபத்தொரு நாள் எடுத்தது. விமான டிக்கெட் தேதி நெருங்க நெருங்க எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. எழுத்தில் மதிப்பீடு தருவதில்லை, எல்லாம் வாய்ப்பேச்சுதான், ரசீதும் நான் கேட்ட பிறகே வந்தது. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மூட்டுவலி உள்ளவர்கள் ஏற முடியாது. உட்கார இரண்டு ஸ்டூல்தான். நாங்கள் போனது அக்கினி நட்சத்திர நாள்கள். வேலூர் வெயிலில் அந்த மாடி அறை அடுப்பங்கரை போல இருந்தது. அட்டைக்கு மாணவர் தம் ஊர்ச் செம்மண்ணின் நிறத்தைக் கேட்டார். வந்ததோ வெளிறிய செங்கல் நிறம். அதைப் பற்றிச் சொன்னபோது, வண்ண அச்சு வெளியே கொடுத்து வாங்குவது, அது தம் கையில் இல்லை என்றார். அவசர வேலை உள்ளவர்களும், கல்யாணப் பத்திரிகை போல வண்ணமே முக்கியமான வேலை உள்ளவர்களும் வேறு கடைக்குப் போவது நல்லது.

ஆனால் சிறு மொழியில் புத்தகம் போடுகிறவர், தேவாரத்துக்குப் பண்ணும் கட்டளையும் குறித்து அச்சிட விரும்புகிறவர், கிரந்தமும் தமிழும் கலந்த பழைய சுவடியைப் படியெடுத்து வைத்திருப்பவர், ஆய்வேட்டில் ஒலிக்குறி இட வேண்டிய மாணவர் ஆகியோர் தயங்காமல் அந்தப் படியேறலாம். போகும்போது வெறும் கோப்பை மட்டும் கொண்டு போகாமல், எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதைக் காட்டும் பிடிஎஃப் ஒன்றையும், முடிந்தால் ஒலிப்பதிவையும் எடுத்துப்போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான். பகல் ஒன்று முதல் நான்கு வரை கடை பூட்டியிருக்கும். காலையில் பத்தரைக்குப் போனால் இருவருமே இருப்பார்கள், பேச நேரமும் இருக்கும்.

எண்பது பிரதிகள் ஜூன் மாதம் போபோ டியுலாசோவுக்கும் கரங்காசோவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. புத்தகத்தைப் பேத்தி வாசிக்கக் கேட்ட பிறகு, மாணவரின் அம்மா நான்கு சொற்களைத் திருத்திச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அடுத்த பதிப்புக்காக அந்த நான்கையும் முனகிக் காட்ட, வருகிற திங்கட்கிழமை காலை மாணவரும் நானும் கடைக்குப் போகிறோம். கோப்பைத் திறந்து தயாராக வைத்திருப்பதாக உரிமையாளர் நேற்றே போனில் சொல்லிவிட்டார்.